அடியில் முடிச்சுப் போட்ட பை

மணியம்மாள் ஊன்றிய குச்சி பட்டுப்போனது என்று அடி அண்ணாமலையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. விறகுக் கட்டிலிருந்து ஒரு கொம்பை உருவி அவள் கையில் கொடுத்தாலும் அது தளிர்விட்டே தீரும் என்பார்கள். கைராசி என்று ஒன்று உண்டா இல்லையா என்று படித்தவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கட்டும். உண்டு. அவள் கையைப் பார்த்தவர்கள் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள்.

கிரிவலப் பாதையை ஒட்டி, மலையைப் பார்த்தபடி இருக்கிறது சக்திவேலின் நர்சரி. பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே கறுப்புப் பைகள் வரிசை கட்டி நிற்கும். செம்மண்ணும் மணலும் மக்கிய சாணமும் கலந்து பை நிரப்புவது, குச்சி வெட்டி ஊன்றுவது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் இரண்டு பெண்களின் வேலை. ஒருத்தி மணியம்மாள். இன்னொருத்தி உண்ணாமலை, அவளைவிட நாலைந்து வயது மூத்தவள். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம்.

புதிதாகச் செடி வைக்கிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். குச்சி வேர் விட்டுவிட்டால் பிழைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். மணியம்மாள் அவர்களைப் பிடித்து நிறுத்திச் சொல்லுவாள்.

"வேரு விடுறது ஒரு பெரிய விஷயமா? வேரு விட்ட பின்னாடிதான் அதுக்குக் கண்டமே. பொறந்த புள்ளைய உச்சி வெயில்ல தூக்கினு போவீங்களா? கொஞ்ச நாளு நெழல்ல வைங்க. அப்புறம் காலை வெயில் மட்டும் காட்டுங்க. தண்ணிய ஊத்தாதீங்க, தெளிங்க. ஒரம் இப்ப வேணவே வேணாம். பால் குடிக்கிற புள்ளைக்குக் கறிசோறா ஊட்டுவாங்க? வேரு புடிச்சிருக்குதான்னு இஸ்துப் பாக்காதீங்க. தலமயிரு மாதிரி மெல்லிசா இருக்கும், பட்டுனு அறுந்துடும். அப்புறம், மொத மொட்டு வந்தா கிள்ளிப் போட்டுடுங்க."

மொட்டைக் கிள்ளச் சொன்னதும் வாங்க வந்தவர்களின் முகம் சுருங்கும். பூவுக்காகத்தானே செடியே வாங்குகிறோம் என்பார்கள்.

"இத்துனூண்டு வேரை வெச்சுக்கினு அது பூவ வளக்குமா, தன் உசுர காப்பாத்திக்குமா? மொதல்ல அது பொழைக்கட்டும் தாயி. பூவு எங்க ஓடிப்போவுது."

இப்படி ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள், தன்னுடையது என்று வந்தபோது அதில் ஒன்றையும் கடைப்பிடிக்கவில்லை. அவளைக் குறை சொல்லி ஆவதில்லை. கேளுங்கள், அப்புறம் நீங்களே சொல்லுங்கள்.

அவளுக்கும் இராமலிங்கத்துக்கும் ஒரே பெண், இனியா. இராமலிங்கம் ஆட்டோ ஓட்டுகிறவன். பெண் டவுனில் காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் அப்பா ஆட்டோவில் போவாள், சாயங்காலம் அப்பா ஆட்டோவில் வருவாள். பின்சீட்டு முழுக்கக் காலியாக இருந்தாலும் அப்பாவோடு முன்னால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டுதான் உட்காருவாள்.

"பின்னாடி போய் ஒக்காரு பாப்பா, போலீஸ்காரன் புடிப்பான்" என்பான் இராமலிங்கம்.

"புடிச்சா உன்னத்தான உள்ள வைப்பான்? நீ போய் ஒக்காந்துக்கோ, நான் ஆட்டோவ ஓட்டிக்கினு வீட்டுக்குப் போயிடுவேன். அம்மா கொழம்பு வெச்சிருக்கும்."

இந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லி ஸ்டாண்டில் சிரிப்பான் அவன். புரட்டாசி மழையில் அந்தப் பெண்ணுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வருகிற காய்ச்சல்தான் என்று இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அப்பா பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே போனவள், திரும்பும்போது ஆட்டோவில் வரவில்லை.

கல்யாணம் ஆகாத பெண் என்பதால் எரிக்கவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் இடுகாட்டில் புதைத்தார்கள். அங்கே வழக்கம், பெண்கள் தெருமுனை வரைக்கும்தான். தெருமுனையில் நின்று மார்பில் அடித்துக்கொள்ளலாம், மண்ணில் விழுந்து புரளலாம், அதற்கு மேல் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது. பெற்றவளானாலும் கூடாது. மணியம்மாள் மீறிக்கொண்டு ஓடினாள். பெண்களே சேர்ந்து அவளை மடக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பால் தெளிக்கப் போன அன்றும் சொம்பில் பாலை ஊற்றிக் கொடுத்தது அவள்தான். தெளித்தது ஆண்கள்.

திரும்பி வந்த தம்பி சின்னசாமியிடம் அவள் ஒன்றுதான் கேட்டாள். "எந்த எடத்துலடா?"

"வேலி ஓரமா, புங்க மரத்துக்கு இந்தாண்டக்கா. அடையாளத்துக்குத் தலைமாட்டுல ஒரு நந்தியாவட்டைக் குச்சிய ஒடிச்சு நட்டுட்டு வந்தேன்."

கல்லறை கட்டுகிற வழக்கம் அங்கே கிடையாது. இரண்டு மழை பெய்தால் மண்மேடு அமுங்கிப்போகும். எது யாருடையது என்று அப்புறம் யாருக்கும் தெரியாது. ஆனால் சின்னசாமி போகிற போக்கில் நட்டுவிட்டு வந்த குச்சி அந்த மழையில் பிடித்துக்கொண்டது. வலை கட்டினவர் இல்லை, தண்ணீர் தெளித்தவர் இல்லை. பால் வடிகிற செடி என்பதால் ஆடும் வாய் வைக்கவில்லை. அடுத்த வருஷம் இடுப்பு உயரத்துக்கு எழுந்து பூத்து நின்றது.

மணியம்மாள் புல் அறுக்கிற சாக்கில் ஏரிக்கரை மேல் ஏறுவாள். அங்கிருந்து பார்த்தால் கருவேல முள்ளுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாக நாலு புள்ளி தெரியும். அவளுக்கு அது போதும். நர்சரிக்கு வந்து கூடையை இறக்கி வைத்ததும் உண்ணாமலையிடம் சொல்லுவாள்.

"பாப்பா இன்னைக்கு நெறைய பூ வெச்சிருந்தா யக்கா."

"அப்படியாடி? நல்லாருக்காளா?"

"நல்லாத்தான் இருக்கா. காத்துல கொஞ்சம் ஆடினா."

உண்ணாமலை வாய் நீண்டவள் என்று சொன்னேனே, இந்தப் பேச்சுக்கு மட்டும் அவள் ஒரு நாளும் எதிர்ப்பேச்சுப் பேசினதில்லை.

ஆனி மாசம் சின்னசாமி வந்தான். "இடுகாட்டுல முள்ளெல்லாம் எடுத்து, மட்டம் பண்ணி, கொட்டாய் போடப் போறாங்களாம்க்கா. திங்கக்கெழம ஜேசிபி வருது."

நல்ல காரியம்தான். மழையில் பிணத்தை வைத்துக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. ஊரே கேட்டு வாங்கிய கொட்டகை. அதைப் போய் வேண்டாம் என்று மணியம்மாள் யாரிடம் சொல்லுவாள்? புருஷனிடம்தான் வந்தாள்.

"அந்தச் செடிய வேரோட பேத்துக்கினு வந்து நம்ம வாசல்ல வெச்சுக்கலாமா?"

இராமலிங்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. "அங்கேயிருந்து ஒரு துரும்பு இந்த வீட்டுக்கு வரக் கூடாது."

"அது வேரு எங்க போயிருக்குதுன்னு உனக்குத் தெரியாதாய்யா? அது யாரு மேல—"

"பேச்ச நிறுத்து."

தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். அவனைக் கல்மனசுக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். பெண் போன நாளிலிருந்து அவள் பெயர் அவன் வாயிலிருந்து வந்ததே இல்லை. ஆட்டோவில் தனக்குப் பக்கத்தில் அவள் உட்காருகிற ஓரத்தில் ஒரு தண்ணீர்க் கேனை நிரப்பி வைத்துவிட்டான். அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது. பௌர்ணமிக் கூட்டத்தில் சவாரிகள் நெருக்கியடித்துக்கொண்டு ஏறும்போதுகூட அந்தக் கேனை நகர்த்தமாட்டான். யாராவது தொட்டால் சண்டைக்குப் போவான். துக்கத்தை அவன் அப்படி வைத்திருந்தான். அவள் செடியாக வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஊர் சாப்பிட்டுப் படுத்திருந்த உச்சி வேளையில், மணியம்மாள் முதன்முதலாக இடுகாட்டுக்குள் கால் வைத்தாள். பெயர்த்து எடுக்கக் குனிந்தவள், வேர் எங்கே இறங்கியிருக்கும் என்று நினைத்ததும் கத்தியை மண்ணில் வைக்க முடியாமல் நின்றாள். மேலே இருந்த கொம்புகளை மட்டும் ஒரு கைப்பிடி அளவு வெட்டிக்கொண்டாள். ஈரத்துணியில் சுற்றினாள். ஏரியில் தலை முழுகிவிட்டு, நனைந்த சேலையோடு நேராக நர்சரிக்குப் போனாள்.

மறுநாள் ஜேசிபி வந்தது. மத்தியானத்துக்குள் அந்த இடம் களம்போல மட்டமாகிவிட்டது. புங்க மரம்கூட இல்லை.

உண்ணாமலை அந்தக் குச்சிகளைப் பார்த்ததும் கேட்டாள். "எங்கேந்துடி இது?"

மணியம்மாள் குச்சிகளை மறுபடி ஈரத்துணியில் சுற்றினாள்.

"அடி பாவி. சக்திவேலுக்குத் தெரிஞ்சா பந்தலோட கொளுத்திடுவான். இடுகாட்டுச் செடின்னு தெரிஞ்சா எவன் இந்த நர்சரியில வாங்குவான்?" சொல்லிக்கொண்டே அவள்தான் நல்ல மண்ணாகச் சலித்துக் கொண்டுவந்தாள்.

எல்லாக் குச்சிகளும் வேர் விட்டன. ஒன்று பாக்கியில்லை. அதற்குப் பின்னால்தான் மணியம்மாளின் கையே அவளுக்கு எதிரியானது. மற்றப் பைகளுக்குக் காலையில் ஒரு தெளிப்பு என்றால், இவற்றுக்குக் காலை, மத்தியானம், சாயங்காலம். போகும்போது ஒரு முறை தொடுவாள், வரும்போது ஒரு முறை தொடுவாள். இருக்கிறாயா என்று கேட்கிற மாதிரி மெல்ல இழுத்துப் பார்ப்பாள். கொஞ்சம் இலை வாடினால் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் சொம்பில் பால் கொண்டுவந்து ஒவ்வொரு பையிலும் ஊற்றினாள். அன்றைக்குத் தெளிக்க விடாத பால். எறும்பு மொய்த்தது, மண் புளித்தது, தண்டு அடியில் கறுத்தது. ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

உண்ணாமலை அதைச் சட்டென்று அவள் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "கொன்னது போதும்டி. இனிமே நீ இதத் தொடக் கூடாது."

"குடு யக்கா. நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்த லட்சணம்தான் தெரியுதே! ஊருக்கெல்லாம் இழுக்காத இழுக்காதன்னு சொல்லிட்டு நீ இன்னாடி பண்ண? புளிய மரத்த வெச்சாக்கூட நீ பண்ற கூத்துக்குச் செத்துடும்."

"அப்ப எங்க வெக்கப் போற?"

"சொல்ல மாட்டேன். இங்கதான் இருக்கும். எதுன்னு உனக்குத் தெரியக் கூடாது."

மணியம்மாளை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு, உண்ணாமலை அதைப் புதுப் பைக்கு மாற்றினாள். அந்தச் சமயம் நந்தியாவட்டைக் கன்றுகள் பெரிய வரிசையாக இருந்தன, எல்லாம் அதே உயரம், அதே இலை. அவற்றுக்கு நடுவே அதையும் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பையின் அடி மூலையைத் திருகி ஒரு முடிச்சுப் போட்டிருந்தாள். தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

நல்ல யோசனைதான் அது. எது தன்னுடையது என்று தெரியாததால் மணியம்மாள் எல்லாவற்றையும் ஒன்றுபோலப் பார்த்துக்கொண்டாள். இழுக்கவில்லை. மூழ்கடிக்கவில்லை. அவள் கை மறுபடி பழைய கையாயிற்று. ஆடி போய் ஆவணி வந்தபோது காலை வெயிலுக்கு நகர்த்தினாள். மொட்டு எட்டிப் பார்த்ததும் வரிசை முழுக்கக் கிள்ளிவிட்டாள். அந்த வருஷத்து நந்தியாவட்டை மாதிரி சக்திவேல் நர்சரியில் அதற்கு முன்னால் வந்ததில்லை. "இன்னாக்கா மாயம் பண்ண?" என்று அவனே கேட்டான்.

அதோடு விட்டிருந்தால் சரி. மனசு விடுமா? வரிசையில் ஒரு கன்று மட்டும் கொஞ்சம் ஒருக்களித்து நின்றது, பக்கத்தில் இருப்பதன் மேல் சாய்ந்தாற்போல. ஒரு நாள் தண்ணீர் தெளிக்கும்போது மணியம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தெளிப்பானை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். இனியா அப்படித்தான் அப்பா மேல் சாய்ந்து உட்காருவாள். இதுதான். சந்தேகமே இல்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? உண்ணாமலையிடம் அவள் கேட்கவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லவும் இல்லை. அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் பங்கு கொடுக்காமல் தனியாக வைத்துக்கொண்டாள். ரொம்ப நாள் கழித்து அவளுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது.

ஐப்பசியில் உண்ணாமலையின் மகளுக்கு நாள் முந்தி வலி கண்டுவிட்டது. விடியற்காலை போன் வந்ததும், கட்டின சேலையோடு போளூருக்கு பஸ் ஏறிவிட்டாள். பேரன் பிறந்தான். அவள் அங்கேயே தங்கும்படி ஆயிற்று.

அந்த வாரம்தான் ரமணாசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் புதிதாகத் திறந்த ஒரு கெஸ்ட் ஹவுஸிலிருந்து சக்திவேலுக்கு ஆர்டர் வந்தது. தீபத்துக்கு வெளியூர்க்காரர்கள் வந்து இறங்குவதற்குள் காம்பவுண்டு சுவர் ஓரம் முழுக்க வெள்ளைப் பூச்செடி வேண்டும்.

"நந்தியாவட்டை அத்தனையும் ஏத்திடுங்கக்கா" என்றான் சக்திவேல்.

மணியம்மாளின் கண் உடனே அந்தக் கன்றைத் தேடியது. அப்புறம் நிம்மதியானாள். அவன் டிரைவருக்குக் கை காட்டி வண்டியைப் பின்னுக்கு வரவழைத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சாய்ந்த கன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்து, மேலே ஒரு சாக்கைப் போர்த்தினாள். மிச்சம் எல்லாவற்றையும் அவளே, அவள் கையாலேயே, இரண்டு இரண்டாகத் தூக்கி வண்டியில் ஏற்றினாள். பையின் கழுத்தைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். அடியை யார் பார்ப்பார்கள்? ஓட்டுகிறவனிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"பாத்து ஓட்டுப்பா. எல்லாம் நான் வளத்த புள்ளைங்க."

உண்ணாமலை திரும்பி வந்தபோது வரிசை இருந்த இடம் வெறும் ஈரத்தரையாகக் கிடந்தது. பேரன் பிறந்ததற்கென்று வாங்கின கல்கண்டை நீட்டிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

"நந்தியாவட்டையெல்லாம் எங்கடி?"

"வித்துடுச்சு யக்கா. பயப்படாத." மணியம்மாள் அவள் கையைப் பிடித்துத் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். சாக்கை விலக்கினாள். அவள் முகம் அன்றைக்கு மலர்ந்திருந்த மாதிரி அப்புறம் ஒரு நாளும் இல்லை. "நீ மறைச்சா எனக்குத் தெரியாதா? எப்பவோ கண்டுபுடிச்சிட்டேன். பாத்தியா, தளதளன்னு இருக்கா."

உண்ணாமலை குனிந்தாள். பையைத் தூக்கினாள். அடி மூலையைத் தடவினாள். இந்த மூலை, அந்த மூலை. மறுபடி இந்த மூலை. பிறகு பையை மெல்லக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"யக்கா?"

"முடிச்சு போட்டு வெச்சிருந்தேன் மணி. அடியில." உண்ணாமலை தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதாடி? ஒரே ஒரு போன்!"

மணியம்மாள் அழவில்லை. அந்தக் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாஞ்சு நின்னுச்சே யக்கா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "சாஞ்சுதானே நின்னுச்சு" என்றாள்.

வண்டியில் ஏற்றிய கை தன்னுடைய கைதான் என்று புரிய அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. புரிந்ததும் அதே கையைக் கொண்டுபோய்த் தொட்டிச் சுவரில் அடித்தாள். உண்ணாமலை எழுந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்காவிட்டால் எலும்பு உடைந்திருக்கும். வீட்டுக்குக் கூட்டி வந்து விட்டவளும் உண்ணாமலைதான். வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த இராமலிங்கத்திடம், அவன் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சரி என்று, முதலிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இப்ப நர்சரியில ஒண்ணு நிக்குது" என்று முடித்தாள். "அதத் தாராளமா வீட்டுக்குக் கொண்டாந்து வெச்சுக்கோ. ஒரு தோஷமும் கெடையாது. அது எங்க நர்சரியில பொறந்தது. உன் வாசலுக்கு வரக் கூடாதுன்னியே, அதுதான் போயிடுச்சு."

இராமலிங்கம் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டான். மறுநாள் காலையில் படுத்துக்கிடந்தவளின் பக்கத்தில் வந்து நின்று, "ஏறு" என்றான்.

"எங்க?"

"ஏறுடி."

ஆட்டோ செங்கம் ரோட்டில் போனது. இடது பக்கம் மலை கூடவே வந்தது. கெஸ்ட் ஹவுஸ் கேட்டைத் தாண்டினதும் இருவருக்கும் கண்ணில் பட்டது. காம்பவுண்டு சுவர் ஓரமாக, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும், நந்தியாவட்டைக் கன்றுகள் வரிசையாக மண்ணில் இறங்கி நின்றன. பைகளை அறுத்துப் போட்டுவிட்டு நட்டிருந்தார்கள். குப்பை வண்டி எப்போதோ வந்துபோயிருந்தது.

மணியம்மாள் வரிசையின் ஓரமாக நடந்தாள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றாள். திரும்பி வந்தாள். மறுபடி நடந்தாள்.

"எது?" என்றான் இராமலிங்கம்.

"தெரியல." அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. "தெரியலய்யா. எனக்குத் தெரியல."

எல்லாம் ஒன்றுபோல இருந்தன. புது மண்ணில் இறங்கின அதிர்ச்சியில் இலைகள் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த நிலையிலும் ஒவ்வொரு நுனியிலும் பச்சையாக மொட்டுகள் திரண்டிருந்தன. பையில் இருந்தபோது கிள்ளினது ஒரு கணக்கா? பெயர்த்து நட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்துதான். வேர் இன்னும் அந்த மண்ணைப் பிடிக்கவில்லை. இந்த மொட்டுகள் விரிந்தால் இதில் எத்தனை தாங்கும், எத்தனை சாகும், சாகிறவற்றில் எது இருக்கும்?

அவள் தரையில் உட்கார்ந்தாள். முதல் செடியின் மொட்டுகளைக் கிள்ளினாள். அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

"ஏம்மா! ஏம்மா! இன்னா பண்ற நீ?" காவலுக்கு இருந்த பலராமன் தடியை ஊன்றிக்கொண்டு ஓடிவந்தான். "பூவுக்குன்னு வாங்கி வெச்சா மொட்டையே பறிக்கிறியா? எழுந்திரு, எழுந்திரு!"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். கெஸ்ட் ஹவுஸைப் பார்த்துக்கொள்கிறவள், நந்தினி என்று பெயர். இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும். கையில் போன், கழுத்தில் அடையாள அட்டை. இராமலிங்கம் அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

"என்னக்கா இது? தீபத்துக்குப் பூக்கணும்னுதான் வெச்சோம். இப்படிப் பிச்சுப் போட்டா எப்படி?"

மணியம்மாள் நிமிரவில்லை. அவள் விரல்கள் நிற்கவில்லை. இராமலிங்கம்தான் முன்னால் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றான், கோயிலில் நிற்கிற மாதிரி.

"எங்க பொண்ணு செடி ஒண்ணு இதுல கலந்துடுச்சும்மா. எதுன்னு தெரியல."

"அவ்வளவுதானா? இதுக்கு எதுக்கு அழறாங்க?" அந்தப் பெண் நல்ல மனசுக்காரி. உடனே குரலை இறக்கினாள். "ஒண்ணு எடுத்துக்கோங்க, பரவால்ல. எதுன்னு தெரியலன்னா உங்க பொண்ணையே ஒரு தடவ கூட்டிக்கினு வாங்களேன். அவங்களே அடையாளம் காட்டட்டும்."

இராமலிங்கம் வாயைத் திறந்தான். ஒரு வருஷத்துக்கு மேல் அவன் வாயில் வராத பெயர்.

"இனியா வர மாட்டாம்மா" என்றான்.

மணியம்மாளின் கை அப்போதுதான் நின்றது. அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

நந்தினிக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பலராமனைப் பார்த்து, "விட்டுடுங்கண்ணா" என்றாள். உள்ளே போகத் திரும்பினவள், நின்று, "இன்னைக்கு மட்டும்தான்க்கா. நாளைக்கு ஓனர் வந்துடுவாரு. வராதீங்க" என்றாள்.

இராமலிங்கம் வரிசையின் மறுமுனைக்குப் போய் உட்கார்ந்தான். ஹேண்டில்பார் பிடித்துக் காய்த்துப்போன விரல். மொட்டோடு தளிரும் சேர்ந்து வந்தது.

"அப்படி இல்லய்யா" என்றாள் மணியம்மாள் இந்த முனையிலிருந்து. "தளிர விட்டுடு. நகத்தால காம்ப மட்டும் கிள்ளு."

அப்படியே கிள்ளினான். அவள் இந்தப் பக்கமிருந்தும் அவன் அந்தப் பக்கமிருந்தும் வந்தார்கள். எது தங்களுடையது என்று தெரியாததால் ஒன்றையும் விடவில்லை. கிள்ளின இடத்திலெல்லாம் பால் கசிந்து விரல்களில் ஒட்டியது. பலராமன் தடியைச் சுவரில் சாத்திவிட்டு, அவர்களைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். நடுவில் இருவரும் சந்தித்தபோது கடைசிச் செடியில் ஒரே ஒரு மொட்டு இருந்தது. அதை யார் கிள்ளுவது என்று இருவரும் தயங்கினார்கள். மணியம்மாள் கிள்ளினாள்.

இராமலிங்கம் எழுந்து ஆட்டோவுக்குப் போய்த் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். கேனை அவன் சாய்த்துப் பிடிக்க, அவள் இரண்டு கையையும் குவித்து வாங்கி, ஒவ்வொரு செடிக்கும் தெளித்தாள். ஊற்றவில்லை, தெளித்தாள். கேன் காலியானது.

வரும்போது காலிக் கேனைப் பின்னால் அவள் காலடியில் போட்டுவிட்டு அவன் வண்டியை எடுத்தான். பால் காய்ந்து பிசுபிசுத்த விரல்களை மணியம்மாள் சேலையில் துடைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். ரோட்டில் எழுந்த காற்று முகத்தில் அடித்தது. இராமலிங்கம் வழக்கம்போல ஒரு ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்து ஓட்டினான். அவன் பக்கத்தில் இருந்த இடம் வீடு வரைக்கும் வெறுமையாகவே வந்தது.